வெள்ளீயத்தில் வார்த்த இரை: கடல் தூண்டிலின் உலோக வரலாறு

[காட்சி: பாறைகள் நிறைந்த கடலோரம்; பாய்மரப் படகுகள்]

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், கேப் ஆன் கடலோரத்தில், ஏறத்தாழ 1815ஆம் ஆண்டில் கானாங்கெளுத்தித் தூண்டிலில் ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை முள்ளும் அதற்கு மேலே கட்டிய காரீயக் குண்டும் தனித்தனியாகவே இருந்தன. பிஜன் கோவ் என்னும் ஊரைச் சேர்ந்த ஆபிரகாம் லர்வி, உலோகத்தை உருக்கி முள்ளின் தண்டைச் சுற்றியே வார்த்தார் என்றும், அந்த உத்தியைப் பல மாதங்கள் வெளியில் சொல்லாமல் காத்தார் என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மீன்வளப் பதிவுகள் கூறுகின்றன. இவ்வாறு எடையும் பளபளப்பும் முள்ளும் ஒரே பொருளில் சேர்ந்ததே ‘ஜிக்’. விரைவிலேயே மீனவர்கள் மாக்கல்லில் குடைந்த அச்சும் உலோகம் ஊற்றும் கரண்டியும் அரமும் கொண்டு தங்களுக்கான ஜிக்குகளைத் தாங்களே வார்க்கத் தொடங்கினர். நூற்றாண்டின் பிற்பகுதியில் சுருக்கு வலை பரவியபோதுதான் கானாங்கெளுத்திப் படகுகளில் இதன் தேவை குறைந்தது.

[காட்சி: கரையில் நின்று கயிற்றைச் சுழற்றும் மீனவர்]

கரையிலோ இந்தக் கைத்தொழில் தொடர்ந்தது. கேப் காட், நான்டக்கெட் கரைகளில் தூண்டில் கோலும் நூல் சுற்றும் ராட்டையும் இல்லாமலேயே, கயிற்றின் நுனியில் கட்டிய உலோக இரையைத் தலைக்கு மேல் சுழற்றி அலைகளுக்கு அப்பால் எறிந்து, கைமாற்றிக் கைமாற்றி விரைவாக இழுத்து ப்ளூஃபிஷ் பிடித்தனர். இழுவை நின்றால் இரையின் உயிர்த்தோற்றமும் மறைந்துவிடும் என்பதால், இந்த முறைக்கு நல்ல உடல்வலிமை தேவைப்பட்டது.

இனி உலோகத்தைப் பார்ப்போம். இந்த வரலாற்றின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வெள்ளீயம் (டின்) 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டறை இல்லாதவரும் வீட்டு அடுப்பிலேயே இரை வார்க்க முடிந்ததற்கு அதுவே காரணம். காரீயமும் 327 டிகிரியில் உருகக்கூடியதுதான். ஆனால் அது விரைவில் மங்கிக் கறுத்துவிடும். வெள்ளீயமோ உப்புக் காற்றிலும் எளிதில் வெண்மை குன்றாது. சற்று மங்கினாலும் கரையின் ஈர மணலை எடுத்துத் தேய்த்தால் மீண்டும் மின்னும்.

[காட்சி: அச்சில் உலோகம் ஊற்றப்படுகிறது]

வடிவத்தை முடிவு செய்தது மீனின் உணவு. மணல் விலாங்கு எனப்படும் மெல்லிய மீன்கள் திரியும் இடத்துக்கு ஒடுக்கமான நீண்ட இரையும், அகன்ற மென்ஹேடன் மீன்கள் வரும் இடத்துக்கு அகலமான இரையும் வார்க்கப்பட்டன. அடிப்பக்கத்தில் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை போன்ற மேடு அமைத்தால், இழுக்கும்போது இரை இருபுறமும் அசைந்து நீந்தும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி உருகிய உலோகத்தைச் சிதறடிக்கும் என்பதால், வார்ப்பதற்கு முன் அச்சை நன்கு காயவைத்துச் சூடேற்றுவது கட்டாயம்.

1942இல் மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பான் வசமானபோது, அமெரிக்காவுக்கு வந்த வெள்ளீயத்தின் முதன்மையான வழி அடைபட்டது; போர்க்காலக் கட்டுப்பாடுகளும் சேர்ந்தன. போருக்குப் பின் குரோமியம் பூசிய காரீயமும் துருப்பிடிக்காத எஃகும் கடைகளை நிறைத்தன. ஆயினும் காரீயத்தின் நச்சைத் தவிர்க்க விரும்புவோர் இன்றும் வெள்ளீயத்தையே உருக்குகின்றனர். 100 கிராம் காரீயம் கொள்ளும் அச்சில் வெள்ளீயம் ஏறத்தாழ 65 கிராம்தான் கொள்ளும். ஆகவே அதே நீளமுள்ள இரை மெதுவாக அமிழ்ந்து, ஆழம் குறைந்த அலைவாயிலும் தரை தட்டாமல் நீந்துகிறது.