ஒரு மைல், இரண்டு பைகள்

வணக்கம். பேசத் தொடங்கும் முன் என் விரல்களைக் கொஞ்சம் பாருங்கள். கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். நான்கு விரல்களின் குறுக்கே சிவந்த கோடு தெரிகிறதா? பையின் கைப்பிடி போட்ட கோடு. இன்று காலை 1.6 கிலோமீட்டர் நடந்து வந்தேன். கைக்கு ஒரு பை. வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன், இரண்டும் சேர்ந்து எட்டரைக் கிலோ. வழியில் மூன்று இடங்களில் பைகளைக் கீழே வைத்து மூச்சு வாங்கினேன். நான் ஒன்றும் கிழவன் அல்ல, உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை. அப்படியும் மூன்று முறை.

அதென்ன 1.6 கிலோமீட்டர் என்று கேட்பீர்கள். அது ஒரு மைல். அமெரிக்க வேளாண்மைத் துறை வைத்திருக்கும் ஓர் அளவுகோல் அது. வருமானம் குறைந்த ஒரு நகரப் பகுதியில், கணிசமான பேருக்கு மிக அருகிலுள்ள சூப்பர் மார்க்கெட் ஒரு மைலுக்கு அப்பால் இருந்தால் அங்கே உணவு கிடைப்பது அரிது என்று வரைபடத்தில் நிறம் தீட்டுகிறார்கள். கிராமப்புறம் என்றால் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர். 'உணவுப் பாலைவனம்' என்று உலகம் இன்று சொல்வது இதைத்தான். அந்தச் சொல் பிறந்தது அமெரிக்காவில் அல்ல, 1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில்.

வரைபடத்தில் ஒரு மைல் என்பது விரல்நுனி அளவுகூட இல்லை. பையோடு நடந்தால் அது வேறு. கடைக்குள் நின்றபோதே என் கை தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. எது தேவை என்று நான் பார்க்கவில்லை, எது கனக்கும் என்று பார்த்தேன். பழம் எடுத்தேன், திரும்ப வைத்தேன். கீரை வாடிவிடும் என்று விட்டேன். நாள்பட இருக்கக்கூடியதும், கனமில்லாததும், நசுங்காததும் மட்டுமே பையில் ஏறின. அப்படிப்பட்டவை பெரும்பாலும் பாக்கெட்டில்தான் வருகின்றன. ஏழைகளுக்குச் சத்துணவைப் பற்றிய அறிவு போதாது என்று பேசுகிறவர்கள் ஒரு முறை இந்த நடை நடந்து பார்க்கலாம்.

வரைபடத்தின் மேல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அங்கே கடையாக எண்ணப்படுவது பெரிய கடை மட்டுமே. ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் விற்பனை இருக்க வேண்டும். தெருமுனையில் நல்ல காய்கறி வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர் அந்த எண்ணிக்கையில் இல்லவே இல்லை. மறுபக்கம், ஐந்நூறு அடியில் கடை இருந்தும் நடுவில் எட்டு வழிச் சாலை ஓடினால், அந்த வீட்டில் இருப்பவரை வரைபடம் வசதியானவராகவே எண்ணிக்கொள்கிறது.

சரி, கடைகள் ஏன் இல்லாமல் போகின்றன? இங்கேதான் எனக்கு அந்தப் 'பாலைவனம்' என்ற சொல்லே பிடிக்காமல் போகிறது. பாலைவனத்தை யாரும் உண்டாக்கவில்லை, மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். நியூயார்க்கில் தோட்டங்கள் போட்டு வரும் கேரன் வாஷிங்டன் என்ற செயற்பாட்டாளர் இதை 'உணவு நிறவெறி' என்றே சொல்கிறார். யாரோ எடுத்த முடிவுகளால் வந்த நிலை என்பது அவர் வாதம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

கிராமத்துக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மளிகை வியாபாரத்தில் நூறு ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது ஒன்றிரண்டு ரூபாய், மிஞ்சினால் மூன்று. அப்படியானால் அளவில்தான் பிழைக்க வேண்டும். மொத்த வியாபாரி ஊருக்குள் லாரி அனுப்ப வேண்டுமென்றால் வாரத்துக்கு இவ்வளவாவது கொள்முதல் செய்ய வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு வைக்கிறார். சின்ன ஊர்க் கடையால் அந்த அளவை எட்ட முடியாது. லாரி வராது. பிறகு கடைக்காரர் என்ன செய்வார்? தானே வண்டியை எடுத்துக்கொண்டு நகரத்துப் பெரிய கடைக்குப் போய், நம்மைப் போலச் சில்லறை விலைக்கு வாங்கி வந்து, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து விற்பார். 'அந்தக் கடையில் எல்லாம் விலை அதிகம்' என்று ஊர் பேசும். அந்த ஊரே வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் பெரிய கடையில் வாரச் சாமான் முழுவதையும் வாங்கிவிட்டு, மறந்துபோன உப்புக்கும் தீப்பெட்டிக்கும் மட்டும் இவரிடம் வரும். மறதியை நம்பி எந்தக் கடை ஓடும்? ஒரு நாள் குளிர்பதனப் பெட்டி பழுதாகும். புதிது வாங்கக் கடன் கிடைக்காது. நடத்த அடுத்த தலைமுறையும் இருக்காது. ஷட்டர் இறங்கிவிடும்.

பெரிய சங்கிலிக் கடைகள் உற்பத்தியாளரிடம் மிரட்டி வாங்கும் தள்ளுபடி சிறியவருக்குக் கிடைப்பதில்லை. இதைத் தடுக்க அமெரிக்காவில் 1936இலேயே ராபின்சன்-பாட்மன் சட்டம் வந்தது. ஒரே பொருளைப் போட்டியிடும் கடைகளுக்கு வெவ்வேறு விலையில் விற்று போட்டியைக் கெடுக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம். 1980களுக்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அரசு அதை ஏறக்குறைய கையில் எடுக்கவே இல்லை. சட்டம் இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது.

நகரத்தின் கதை வேறு. அங்கே ஆட்கள் நெருக்கமாக இருக்கிறார்கள், ஆனால் கடை போய்விடுகிறது. வசதி உள்ளவர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தால், அகலமான இடமும் வண்டி நிறுத்த வசதியும் தேடிப் பெரிய கடைகளும் பின்னாலேயே போகின்றன. போகும்போது சில நிறுவனங்கள் செய்யும் ஒரு வேலையைக் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. காலி செய்த இடத்தை விற்கும்போது, இத்தனை ஆண்டுகளுக்கு இங்கே வேறு மளிகைக் கடை வரக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுகிறார்கள்! தானும் விற்க மாட்டேன், பிறரையும் விற்க விட மாட்டேன். வைக்கோற்போரில் படுத்த நாய் கதைதான். கனடாவின் போட்டி ஆணையம் 2024இல் இரண்டு பெரிய மளிகை நிறுவனங்களை இந்த விஷயத்துக்காக விசாரிக்கத் தொடங்கியது.

இப்போது ஓர் எதிர்வாதம். அதை மறைத்துவிட்டுப் பேசினால் நேர்மையாக இருக்காது. பிலடெல்பியாவில் கடை இல்லாத பகுதி ஒன்றில் புதிய சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். 2014இல் வெளியான ஆய்வின்படி, அக்கம்பக்கத்தாருக்குக் கடை அருகில் வந்துவிட்டது என்ற எண்ணம் வந்தது, ஆனால் அவர்கள் சாப்பிடும் காய், பழத்தின் அளவு மாறவில்லை. 2019இல் பொருளாதார அறிஞர்கள் சிலர் அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதல் விவரங்களை வைத்துக் கணக்கிட்டபோது, ஏழைக்கும் வசதியானவருக்கும் இடையிலுள்ள சத்து வேறுபாட்டில் சுமார் 10 சதவீதத்துக்கு மட்டுமே அருகில் கிடைக்கும் பொருள்களும் அவற்றின் விலையும் காரணம் என்று வந்தது. அப்படியானால் இத்தனை பேச்சும் வீணா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 2019 ஆய்விலேயே விடையும் இருக்கிறது. கடை இல்லாத பகுதியில் இருப்பவர்களும் எப்படியோ தொலைவிலுள்ள சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்த்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் தட்டில் மாற்றம் இல்லை. ஆனால் இரண்டு பஸ் மாறிப் போன பயணம்? ஆட்டோவுக்கோ, வண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கோ கொடுத்த காசு? பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை? அவையெல்லாம் சத்துக் கணக்கில் வருவதில்லை. என் விரலில் இருக்கும் இந்தக் கோடும் வருவதில்லை.

ஜப்பானியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. 'கைமோனோ நன்மின்', அதாவது கடைக்குப் போக வழியற்ற அகதிகள். நிலத்தைச் சொல்லாமல் ஆளைச் சொல்கிறது. அங்கே பிரச்சினை பெரும்பாலும் முதுமை. வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்ட தாத்தா, பாட்டிகள். தொகுஷிமாவில் 2012இல் தொடங்கிய 'தொகுஷிமாரு' என்ற நடமாடும் கடை, உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டிலேயே சரக்கை ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு முறை வீட்டு வாசலுக்கு வருகிறது. பொருளுக்குச் சிறு தொகை கூடுதல். ஒளிவுமறைவு இல்லாத ஏற்பாடு.

புளோரிடாவில் பால்ட்வின் என்ற சிற்றூரில், இருந்த ஒரே மளிகைக் கடை மூடியதும் ஊராட்சியே 2019இல் ஒரு கடையைத் திறந்தது. நான் மிகவும் மகிழ்ந்து படித்த செய்தி அது. 2024இல் அதையும் மூடிவிட்டார்கள். லாரிக் கணக்கு அரசாங்கக் கடை என்பதற்காக இரக்கம் காட்டாது. சின்னக் கடைகள் சேர்ந்து ஒரே கொள்முதலாக வாங்கினால்தான் அந்தக் குறைந்தபட்ச அளவைத் தாண்ட முடியும் என்று நினைக்கிறேன். கட்டடத்துக்கு ரிப்பன் வெட்ட ஆள் கிடைக்கும், கூட்டுக் கொள்முதலுக்குத்தான் யாரும் வருவதில்லை. இணையத்தில் வாங்கலாமே என்பீர்கள். வீடு தேடிவரும் வண்டியும் அதே லாரிக் கணக்கில்தான் ஓடுகிறது.

சரி, பைகளைப் பிரிக்க வேண்டும். ஒன்று இன்னும் வாசலிலேயே இருக்கிறது. இந்த எட்டரைக் கிலோ எனக்கு, எனக்கு மட்டும், நான்கு நாள் வரும். ஐந்தாம் நாள் மறுபடியும் நடக்க வேண்டும். அன்று மழை பெய்தால் குடையை எந்தக் கையில் பிடிப்பது என்று இன்னும் யோசிக்கவில்லை.