கண்டும் காணாமல்

வணக்கம். காரைக்குடியிலிருந்து வந்திருக்கிறேன். கட்டட வரைபடம் போடுவது என் தொழில். பழைய வீடுகளை நாடா பிடித்து அளந்தே முப்பது வருடம் ஓடிவிட்டது. கண்காணிப்புக் கேமராவைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் கேட்டபோது, இதற்குக் காவல்துறையிலிருந்து யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தேன். யார் எங்கே நின்றால் யாருக்கு என்ன தெரியும் என்பதைத்தானே நானும் இத்தனை காலம் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நான் விழுந்த கதை.

போன ஐப்பசி மழையில் செக்காலை ரோட்டில் ஒரு கடை வாசலில் வழுக்கி விழுந்தேன். கடை பெயர் வேண்டாம். பளபளவென்று கிரானைட் படி, அதில் மழைத்தண்ணீர், என் காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. பையிலிருந்த சின்ன வெங்காயம் ரோடு முழுக்க உருண்டது. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து வெங்காயத்தைப் பொறுக்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் கைகொடுத்துத் தூக்கினார். நான் வேட்டியை இறுக்கிக் கட்டும் வரை முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, "இந்தப் படி எல்லாரையுந்தான் தள்ளுது சார்" என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன், கோயம்புத்தூரிலிருந்து மகள் போன். "அப்பா, அடி பலமா?" உனக்கு எப்படித் தெரியும் என்றால், வாட்ஸ்அப்பில் பார்த்தாளாம். கடைக் கேமராவில் பதிவானதை யாரோ செல்போனில் எடுத்து, சிரிக்கிற பொம்மை இரண்டு ஒட்டி, குழுவுக்குக் குழு தள்ளிவிட்டிருக்கிறார்கள். பதினோரு நொடி. அதில் பூக்கார அம்மா முகம் திருப்பிக்கொள்வதும் தெரிகிறது, ஆட்டோக்காரர் வானத்தைப் பார்ப்பதும் தெரிகிறது. கேமரா மட்டும் அசையவில்லை.

அந்த இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் இல்லை. நன்றாகவே பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்தார்கள். 'கண்டும் காணாமல்' என்பதை நாம் பெரும்பாலும் குறை சொல்லத்தான் எடுக்கிறோம். ஆனால் நெரிசலான கடைவீதியில் ஒரு மனுஷனுக்குக் கிடைக்கக்கூடிய மறைவு அது ஒன்றுதான். சுவரும் கதவும் இல்லாத மறைவு. அடுத்தவர் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். படியில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று நிலைக்கு நிலை நேராக, கடைசிப் பின்வாசல் வெளிச்சம் வரை கண் போகும். "என்னங்க, வீட்டுக்குள்ள இருக்கிறது அத்தனையும் தெருவுக்குத் தெரியுதே" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இன்னும் கொஞ்சம் நின்று பாருங்கள் என்பேன். தெரிவது நிலைக்கதவு அகலத்துக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். வளவைச் சுற்றியிருக்கிற பத்தி என்கிற தாழ்வாரமும் அறைகளும் அந்தப் பட்டைக்குள் வராது. யாராவது குறுக்கே கடந்தால் ஒரு நொடி தெரிவார்கள், மறைவார்கள். அதுவும் வாசலில் நிற்பவர் வெயிலில் நிற்கிறார். பத்தியில் இருப்பவர் நிழலில். யார் யாரை முதலில் பார்ப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். இந்த ஊர்களை யுனெஸ்கோ 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தன் உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும்தான் எல்லாரும் பேசினார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கொத்தனார்கள் பார்வையை அளந்து வைத்திருக்கிறார்களே, அதைப் பேசியிருக்க வேண்டும்.

பழையதைப் புகழ்வதாக நினைத்துவிடாதீர்கள். திண்ணைக் கண் லேசுப்பட்ட கண் இல்லை. ஒரு பெண்பிள்ளை பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு இரண்டு நிமிடம் பேசினால், அவள் வீடு வந்து சேருவதற்குள் செய்தி சேர்ந்திருக்கும். எந்தத் தெருவில் எந்தச் சாதிக்காரர் நடக்கிறார், காலில் செருப்போடு நடக்கிறாரா என்று பார்த்த கண்களும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தன. முன்கட்டு ஆம்பளைகளுக்கு, பின்கட்டு பொம்பளைகளுக்கு என்று பிரித்ததில் பெண்களின் சௌகரியத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழந்தமிழில் அம்பல், அலர் என்று இரண்டு சொல் உண்டு. நாலு பேர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். ஊரே வாய்விட்டுப் பேசினால் அலர். ஒன்று இன்னொன்றாக மாற அந்தக் காலத்தில் நாலு நாளாவது ஆகியிருக்கும். என் வேட்டி விஷயத்தில் அரைமணி நேரம்.

சரி, கேமரா ஏன் வந்தது? காரணம் இல்லாமல் வரவில்லை. வீட்டுக்காரர்கள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். இங்கே பத்துக் கட்டு வீட்டுக்கு ஒரு பூட்டு. தூணும் நிலையும் பெயர்ந்தால் எங்கேயாவது விலைக்குப் போகும் சரக்கு. கேமரா வைக்காதே என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் வைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். நூறு வருடத்துச் சுதைக் கஜலட்சுமிக்கு இரண்டு விரல் தள்ளி டிரில் போட்டு, வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அறைந்து, வயரை யானைத் தும்பிக்கை வழியாக இழுத்துக் கிளிப் அடித்திருப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கும். ஊரார் கண் நம் மேல் படக் கூடாது என்பதற்குப் பூசணிக்காய், நம் கண் ஊரார் மேல் படுவதற்குக் கேமரா, இரண்டும் ஒரே ஆணியில்.

சென்னைக் காவல்துறை ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்று திட்டம் போட்டபோது 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர்தான். ஆனால் அந்தக் கண் திறந்ததும் எரிந்தது மன்மதன் என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கோயில் ஊருணிக் கரையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளைத்தான் முதலில் காணோம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கேளுங்கள். திரையில் தெரிகிற முகம் இன்னாருடையது என்று முன்பின் தெரியாதவர் உறுதியாகச் சொல்ல, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 புள்ளி, அதாவது பிக்ஸல், வேண்டும் என்பது சர்வதேசத் தரக் குறிப்பு. கடைகளில் வைக்கிற சாதாரண இரண்டு மெகாபிக்ஸல் கேமராவின் படம் 1,920 புள்ளி அகலம். வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். அதற்குமேல் அகலமாகத் தெருவைக் காட்டினால் முகம் கலங்கிவிடும். ஆனால் எல்லாரும் கேட்பது என்ன? "தெரு முனை வரைக்கும் தெரியணும்ப்பா." இருபது மீட்டர் அகலம் விரித்தால் மீட்டருக்கு நூறு புள்ளிகூடத் தேறாது. அந்தப் படத்தில் வெளியூர்த் திருடன் வெறும் நிழல். உள்ளூர்க்காரனை மட்டும் நடையை வைத்தே, குடையை வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும். இரவானால் இன்னும் மோசம். கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும். விடிய விடிய அந்த வலைதான் வெள்ளையாகப் பதிவாகிக்கொண்டிருக்கும்.

வெல்ஷ், ஃபாரிங்டன் என்ற இரண்டு குற்றவியல் அறிஞர்கள் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்: வண்டி நிறுத்துமிடங்களில் கேமரா நன்றாக வேலை செய்கிறது, அடிதடி, வெட்டுக்குத்துக்கு அதனால் பெரிய பலன் தெரியவில்லை. கோபத்தில் இருப்பவன் அண்ணாந்து பார்ப்பதில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

1998-இல் நியூயார்க் நகரத்தில் குடிமை உரிமைச் சங்கம் ஒன்றின் தொண்டர்கள் மன்ஹாட்டன் தீவு முழுக்கத் தெருத் தெருவாக நடந்து, வெளியே தெரிகிற கேமராக்களை எண்ணினார்கள். 2,397. சில வருடம் கழித்து, அந்த மாதிரி வரைபடத்தை வைத்துக் கேமரா குறைவான தெருவாகப் பார்த்து வழி சொல்லும் இணையப் பக்கத்தை வேறொரு குழு செய்தது. கிளம்பும் இடம், போகும் இடம் கொடுத்தால் போதும். சுற்று வழிதான், ஆனால் கூடியவரை கேமரா கண்ணில் படாத வழி.

எங்கள் ஊரில் இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். அடகுக் கடைக்குப் போகிற பெண்களைக் கேளுங்கள். கல்லுக்கட்டிப் பக்கம் நான் சிறுவயதில் பார்த்த ஒரு கடைக்கு இரண்டு வாசல். மீட்கிறவர்கள் ரோட்டு வாசலில் வருவார்கள், வைக்கிறவர்கள் சந்து வாசலில். யாரும் எழுதி ஒட்டிய விதி இல்லை. கைக்குட்டையில் சங்கிலியை முடிந்துகொண்டு சந்துக்குள் நுழைகிற பெண்ணை எதிர்ப்பட்டால், சுவர்ப்பக்கம் ஒதுங்கி வேட்டி நுனியைச் சரிசெய்வார் எங்கள் அய்யா. சரியாகத்தான் இருக்கும் அந்த வேட்டி. இப்போது அந்தச் சந்திலும் கேமரா. தங்கம் புழங்கும் இடம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு சந்து தாண்டி, ஒரு பாழடைந்த வீட்டுப் பின்சுவர் ஓரமாகப் பத்தடி இடம் இன்னும் எதிலும் விழாமல் இருக்கிறது. மகனுக்குத் தெரியாமல் பீடி பற்றவைக்கிற கிழவர், சேலைப் பின்னைக் கழற்றிக் குத்துகிற பெண், ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு வருகிறவர், எல்லாரையும் அங்கே பார்த்திருக்கிறேன். எந்தச் சந்து என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவருடைய அந்தரங்கம் அவரைவிட்டுப் போய்விடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பிறகு 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் தனிமனிதர் தன் சொந்தத்துக்கோ வீட்டுக்கோ செய்வதற்கு அது பொருந்தாது. என் வீட்டு வாசலில் மாட்டி, எதிர்வீட்டு வாசலைப் பிடிக்கிற கேமரா வீட்டுக் கணக்கா, தெருக் கணக்கா?

ஐரோப்பாவில் இதே கேள்வி கோர்ட்டுக்குப் போனது. செக் நாட்டில் ஒருவர் வீட்டு ஜன்னலை யாரோ அடிக்கடி உடைக்கிறார்கள் என்று கேமரா மாட்டினார். ஒருநாள் கவண்கல் அடித்தவர்கள் பதிவில் சிக்கினார்கள். சிக்கியவர்களில் ஒருவர், என்னைக் கேட்காமல் எப்படிப் பிடிக்கலாம் என்று திருப்பிக் கேட்டார். பொதுப் பாதையும் எதிர்வீடும் படத்தில் விழுந்தால் அது வெறும் வீட்டு உபயோகம் இல்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. ஜன்னலை இழந்தவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. தீர்ப்பும் சரி என்றே படுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்துபோன வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் ஒரு விஷயத்தைக் கண்டு எழுதினார். நிலையத்துக் கேமராவின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு பதினெட்டு மாதம் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நான் விழுந்த பதினோரு நொடிக்கு இன்றுவரை அழிவில்லை என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன்.

கேமரா மாட்டுகிற பையன் ஒருவனிடம் கேட்டேன், எதிர்வீட்டு வாசல் விழாமல் செய்ய முடியாதா என்று. "ஏன் சார் முடியாது? மெனுவுல போயி அந்த எடத்துக்கு மட்டும் கறுப்புக் கட்டம் போட்டுரலாம். ரெண்டு நிமிச வேல" என்றான். போட்டிருக்கிறாயா? "யாரும் கேக்க மாட்டாகளே சார்." கேட்கலாம். கூலி கூடப் போவதில்லை.

போன மாதம் ஒரு பெரிய வீட்டை அளக்கப் போயிருந்தேன். உரிமையாளர் சிங்கப்பூரில். வீட்டைப் பார்த்துக்கொள்வது எழுபது வயது ஆத்தா ஒருவர். முகப்பில் நல்ல வழவழப்பான திண்ணை, காற்று அள்ளுகிறது. அவரோ அதை விட்டுவிட்டு நிலைக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக ஒட்டி, கால் நீட்டக்கூட இடம் இல்லாமல் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "ஏன் ஆத்தா, அங்கிட்டு உக்காரலாமே" என்றேன். அவர் உலக்கையை நிறுத்தி, தலைக்கு மேலே கண்ணைக் காட்டினார். கேமரா.

"அதுக்குக் கீழ உக்காந்தா அதுக்குத் தெரியாது தம்பி."

சொல்லி வாய் மூடவில்லை, மடியில் இருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். "என்ன ஆத்தா, திண்ணையில உங்களைக் காணோமே, எங்க போயிட்டீங்க?"

"எங்கயும் போகல தம்பி, இங்கனதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பல் இல்லாத வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் நாடாவின் நுனியைத் தேடுகிறவன் மாதிரி கீழே குனிந்துகொண்டேன்.