உப்புக்கரையில் நீராவி வாள்

(பாம்பனில் படகு கட்டுவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஓடாவிமார்களே, ஊர்ப் பெரியவர்களே! உங்கள் முன்னால் மரம் அறுப்பதைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அதனால் இங்கே நீங்கள் பார்த்திராத ஓர் ஆலையைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், ஈவன்லோடு ஆற்றங்கரையில், கூம் மில் என்ற சிறிய அறுவை ஆலை இருக்கிறது. பிளெனம் அரண்மனை எஸ்டேட்டுக்கு மரம் அறுத்துக் கொடுத்த இடம். ஆற்று நீரில் சுற்றும் சக்கரம் ஒன்று. அது போதாதென்று 1850களில் வைத்த நீராவி எஞ்சின் ஒன்று. இன்றும் தன்னார்வலர்கள் சில நாட்களில் அதை ஓட்டிக் காட்டுகிறார்கள்.

நீராவி ஆலையின் சாமர்த்தியம் அடுப்பில்தான் இருக்கிறது. மரம் அறுத்தால் பட்டையும் துண்டும் தூளும் மிஞ்சும் அல்லவா? அதையே கொதிகலனுக்கு அடியில் போட்டு எரிப்பார்கள். எஞ்சின் சுற்ற, தோல் பட்டை வழியாக வட்ட வாள் சுற்றும். வாள் கணுவில் சிக்கித் திணறும் நேரத்தில் கனத்த சுழற்சக்கரம் தன் வேகத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். நம் பக்கத்தில் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வாள் இழுத்தபோது தூள் முழுவதும் கீழே நின்றவர் கண்ணில்தான் விழுந்தது. அவருக்குக் கூலி கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்படியானால் நம் கரைக்கு இந்த ஆலை ஏன் பொருந்தாது? நம்மவர்களுக்கு இயந்திர அறிவு போதவில்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் தண்ணீர். "கடலே பக்கத்தில் கிடக்கிறதே ஐயா?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் காய்ச்சினால் சுமார் 35 கிலோ உப்பு நிற்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் அது வருமானம். கொதிகலனுக்குள் அதுவே எமன். உப்பு படிந்த தகடு சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாமல் தானே பழுத்து இளகிவிடும். பழைய நீராவிக் கப்பல்கள் கடல்நீரையே காய்ச்சின, உண்மைதான். உப்பேறிய நீரை அடிக்கடி வெளியே தள்ளித்தான் பிழைத்தன. அதனால் எவ்வளவோ விறகு வீண்.

மரமும் அப்படித்தான். இங்கே மண்டிக் கிடப்பது பனை. வெளிச்சுற்று வைரம், உள்ளே சோறு. ஆப்பு அடித்துப் பிளந்தால் நாரோடு நாராகச் சட்டம் வந்துவிடும். அதற்கு எதற்கு வட்ட வாள்?

நீராவி இந்தக் கரைக்குத் தண்டவாளத்தின் மேல் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது கடலைத் தாண்டிய எஞ்சின், தனக்கு வேண்டிய நல்ல தண்ணீரைத் தன்னோடு சுமந்துகொண்டு வந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆலைக்கு அந்த வசதி ஏது?