குருவி தலையில் பனங்காயா?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நின்று கேட்கும் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். 'மக்கள் பாடும் பாட்டில் நவீன இயற்பியலைத் தேடுவது பாட்டுக்கு அழகா, பாரமா?' என்பது தலைப்பு. அழகே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு பழமொழியை வீசிவிட்டு அமர்ந்தார். "பாட்டு ஒரு சின்னக் குருவி. இவர்கள் அதன் தலையில் ஐன்ஸ்டைன் என்கிற பனங்காயைத் தூக்கி வைக்கிறார்கள்" என்றார். அரங்கமே அதிர்ந்தது. நல்ல அடி, ஐயா. நானும் கைதட்டினேன். ஆனால் அந்தப் பனங்காயை இறக்கி வைக்காமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. அதற்கு முன் ஒரு கதை.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. மொட்டை மாடியில் என் அம்மா அவளை மடியில் கிடத்திக்கொண்டு, "நிலா நிலா ஓடி வா, நில்லாமல் ஓடி வா" என்று பாடிக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளி விளக்கடியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மகள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "பாட்டி, நிறுத்து. நிலா பாவம். ஓடிக்கொண்டே இருந்தால் மூச்சு வாங்கும். நின்று நின்று வரச் சொல்" என்றாள்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டார்: "ஓடி வருகிற பிள்ளையை நடுவில் நில் என்று அதட்டினால் என்ன ஆகும்? நேற்று உனக்கு என்ன ஆனது?"

மகள் தன் முழங்காலைப் பார்த்தாள். சிராய்ப்பின் மேல் பொருக்குத் தட்டியிருந்தது. "விழுந்துவிடுவேன்" என்றாள்.

"நிலாவும் அப்படித்தான். நின்றால் விழுந்துவிடும். அதனால்தான் நில்லாமல் ஓடி வா என்கிறோம். படு."

அவள் படுத்துவிட்டாள். என் சிவப்புப் பேனாதான் நின்றுவிட்டது!

ஏன் நின்றது என்று கேளுங்கள். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒவ்வொரு நொடியும் அது பூமியை நோக்கிச் சுமார் 1.4 மில்லிமீட்டர் விழுகிறது. உண்மையாகவே விழுகிறது. அதே நொடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. விழுந்துகொண்டே ஓடுவதால்தான் நம்மைச் சுற்றி வருகிறது. அந்த ஓட்டத்தை யாராவது நிறுத்திவிட்டால், நேரே நம் மேல் விழ ஐந்து நாள்கூட ஆகாது. என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நியூட்டனைப் படித்தவர் அல்லர். அவருக்குத் தெரிந்தது ஓடுகிற பிள்ளையும் முழங்கால் சிராய்ப்பும். அது போதுமானதாக இருந்தது.

கைதட்டலுக்கு நன்றி. கதை இன்னும் முடியவில்லை.

மறுநாள் பதினோராம் வகுப்பில் ஈர்ப்பியல் பாடம். 'சுற்றியக்கத் திசைவேகம்' என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். எழுதியதை அழித்தேன். அந்த இடத்தில் 'நில்லாமல்' என்று எழுதினேன். வகுப்பு நிமிர்ந்தது. "இந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது?" என்று கேட்டேன். பதினாறு வயதுப் பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பிறகு ஒருவன் தொடங்க, வகுப்பே பாடியது. பாடி முடித்ததும் அம்மா சொன்னதைச் சொன்னேன். முழங்காலையும் சொன்னேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். ஆறு மாதமாக அவன் குரலை நான் கேட்டதில்லை. அவன் எழுந்தான். "சார், நின்றால் எத்தனை நாளில் விழும்?" என்றான். விடையை நான் சொல்லவில்லை. "வா, கணக்குப் போடுவோம்" என்றேன். சுற்றும் தொலைவையும் சுற்ற ஆகும் காலத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியை வைத்துக்கொண்டு இருவருமாகப் போட்டோம். சாக்பீஸ் அவன் கையில் இரண்டு முறை உடைந்தது. நான்கு நாள், ஏறக்குறைய இருபது மணி நேரம் என்று விடை வந்தபோது அவன் பலகையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். பட்டப்பகல், நிலா இல்லை. இருந்தாலும் பார்த்தான். நடுவர் அவர்களே, அந்தப் பார்வைக்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இப்போது பனங்காய்க்கு வருகிறேன்.

நண்பரே, குருவியின் தலையில் பனங்காய் எப்போது பாரமாகும்? குருவி ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கும்போது. கிளை கீழிருந்து தாங்குகிறது, காய் மேலிருந்து அழுத்துகிறது, நடுவில் குருவி நசுங்குகிறது. சரி, கிளையை எடுத்துவிடுவோம். குருவி சிறகை விரிக்கவில்லை, காற்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குருவியும் விழுகிறது, காயும் விழுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் விழுகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு தராசை நுழைத்தால் முள் எதைக் காட்டும்? சுழியத்தை. காயின் எடை ஒரு கடுகளவுகூடக் குருவியின் மேல் இறங்காது.

இது என் கற்பனை அன்று. 1907ஆம் ஆண்டு, பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞருக்குத் தோன்றியது இது: தடையின்றி விழுகிற மனிதன் தன் எடையை உணர மாட்டான். பின்னாளில் ஐன்ஸ்டைன் இதைத் தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான எண்ணம் என்று குறிப்பிட்டார். அந்த ஒரு பொறியிலிருந்து எட்டு ஆண்டு உழைத்து 1915இல் ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியல் கொள்கையைக் கொண்டுவந்தார். நிலாவைப் பூமி கயிறு கட்டி இழுக்கவில்லை. பூமியின் நிறையால் வளைந்திருக்கும் காலவெளியில், அதாவது காலமும் இடமும் ஒன்றாய்ப் பின்னிய வெளியில், நிலா தன் நேர்வழியில் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குப் பாரமே தெரியாது. விண்வெளி நிலையத்தில் மிதக்கிறவர்களும் அப்படித்தான். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அன்று, ஓயாமல் விழுந்துகொண்டிருப்பதால்.

ஐன்ஸ்டைன் பனங்காய் என்றீர்களே, ஐயா. குருவிக்குப் பனங்காய் பாரமில்லை என்று உலகத்துக்குச் சொன்னவரே அவர்தான்!

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? உங்கள் பழமொழியைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1971 ஆகஸ்டு 2. அப்பல்லோ 15 பயணத்தின் தளபதி டேவிட் ஸ்காட் நிலாத் தரையில் நிற்கிறார். ஒரு கையில் 1.3 கிலோ எடையுள்ள சுத்தியல். இன்னொரு கையில் ஒரு வல்லூற்றின் இறகு. அதன் எடை 30 கிராம். இரண்டையும் ஒரே நேரத்தில் கைவிடுகிறார். காற்றில்லாத இடம். சுத்தியலும் இறகும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அது பறவையின் இறகு, நண்பரே! குருவிக்கும் பனங்காய்க்கும் இதைவிட நெருக்கமான சாட்சி வேண்டுமா? அதுவும் எங்கே? நாம் குழந்தைகளாக இருந்தபோது ஓடி வா என்று கூப்பிட்டோமே, அதே நிலாவில்.

எனவே பாட்டைக் கிளையில் உட்காரவைத்து, அதன் தலையில் பாடப்புத்தகத்தை ஏற்றினால் பாரம்தான். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பாட்டும் அறிவும் ஒன்றாகக் கைவிடப்பட்டு, ஒன்றாக நெஞ்சுக்குள் விழட்டும். அப்போது எதற்கு எது பாரம்?

ஒரு செய்தியை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், இதில் என் அணியினரே என்மேல் வருத்தப்பட்டாலும் சரி. 'இதையெல்லாம் நம்மவர்கள் அன்றைக்கே பாடிவைத்துவிட்டார்கள்' என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. அது பாட்டுக்கும் பெருமை இல்லை, இயற்பியலுக்கும் நியாயம் இல்லை. காதலி இல்லாத நொடி ஒரு யுகமாக நீள்கிறது என்று எத்தனையோ திரைப்பாடல்கள் உருகுகின்றன. அதைச் சார்பியலின் காலவிரிவு என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். தவறு. காலவிரிவில் யாருடைய கைக்கடிகாரமும் அவரவர் கையில் மெதுவாக ஓடுவதில்லை. இன்னொருவர் கடிகாரத்தோடு ஒப்பிடும்போதுதான் வேறுபாடு தெரியும். உயரத்தில் இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடும் என்பது உண்மை. 2010இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் ஒரு கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி வைத்து அதை அளந்தே காட்டினார்கள். அப்படியானால் தரையில் நிற்கும் பிள்ளையைவிட, தாயின் தோளில் ஏறிய பிள்ளைக்குக் காலம் துளியினும் துளியாக முந்தி ஓடுகிறது. இந்த உண்மையை வைத்து யாராவது ஒரு தாலாட்டு எழுதினால் முதலில் பாடுகிறவன் நானாக இருப்பேன்.

சரியான இணைப்பு எப்படி இருக்கும்? பாரதி கேட்கிறார்: "வட்டக் கரிய விழி கண்ணம்மா, வானக் கருமை கொல்லோ?" உன் கண்ணின் கருமை வானத்தின் கருமையா என்கிறார். இதைக் கேட்டு மனம் நெகிழ்ந்த பிறகு, ஒரே ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வானம் ஏன் கருமை? 'சூரியன் மறைந்துவிட்டது' என்பது விடை அன்று. பிரபஞ்சம் எல்லையில்லாமல் பரந்து, தொடக்கமும் இல்லாமல் இருந்திருந்தால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை கடைசியில் ஒரு விண்மீனில் போய்த்தான் முட்டும். நள்ளிரவு வானம் முழுவதும் சூரியன் முகம் போலக் கொதித்துக்கொண்டிருக்கும். 1823இல் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானிய வானியலாளர் எழுப்பிய புதிர் இது. இரவு கருப்பாக இருப்பதற்கு முதன்மைக் காரணம், பிரபஞ்சத்துக்கு வயது உண்டு என்பதே. சுமார் 1,380 கோடி ஆண்டுகள். தொலைவிலிருந்து கிளம்பிய ஒளி இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை. பாரதி 1921இல் மறைந்தார். பிரபஞ்சம் விரிகிறது, அப்படியானால் அதற்கு ஒரு தொடக்கம் இருந்திருக்கும் என்று எண்ணவைத்த வானியலாளர் ஹபிளின் சான்று 1929இல்தான் வந்தது. பாரதிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பிறகு, கண்ணம்மாவின் கண்ணில் இருக்கும் கருமைக்குள் ஒரு பிரபஞ்சத்தின் வயது தெரிகிறது. இது பாரமா, ஐயா?

முதல் மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இரண்டு நிமிடம் கொடுங்கள். என் அம்மாவிடம் திரும்பிப் போய்விட்டு முடித்துவிடுகிறேன்.

அப்பல்லோ பயணங்களில் போனவர்கள் நிலாவில் எதிரொளிப்பான்களை விட்டுவிட்டு வந்தார்கள். முதலாவதை 1969இல் வைத்தார்கள். இங்கிருந்து லேசர் ஒளியை அனுப்பினால் இரண்டரை நொடியில் போய்த் திரும்பி வருகிறது. அப்படி அளந்ததில் தெரிந்தது, நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போகிறது. கடலில் அது எழுப்பும் ஓதமே, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கமே, அதற்குக் காரணம். எத்தனை பிள்ளைகள் ஓடி வா, ஓடி வா என்று கூப்பிட்டாலும், அது போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் உண்டு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா என் தலையில் ஸ்கேலைக் கிடையாக வைத்துக் கோடு போடுவார். எனக்குப் பத்து வயது ஆனபோது, "நீயும் நில் அம்மா" என்று அவரைப் பிடித்து நிறுத்தி, ஸ்டூலில் ஏறி நின்று ஒரு கோடு போட்டேன். அம்மா குதிகாலை மெல்லத் தூக்கினார். "ஏமாற்றாதே" என்றேன். சிரித்துக்கொண்டே இறக்கினார். பக்கத்தில் எழுதினேன்: 152.

சென்ற ஆண்டு அம்மா காலமானார். எனக்கு அந்தப் பாட்டை முதன்முதலாகப் பாடியதிலிருந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. உறவினர்கள் எல்லாரும் கிளம்பிய இரவு, தனியாக மாடிக்குப் போனேன். நிலா இருந்தது. அம்மாவின் மடி இல்லை. எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால் அழாமல் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 3.8. நாற்பது ஆண்டு. பெருக்கினேன்.

152.

படியிறங்கி வந்து கதவு நிலைக்கு முன்னால் நின்றேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. விரலால் தடவினால்தான் தெரிந்தது. அம்மா பாடத் தொடங்கியதிலிருந்து அவர் போகும்வரை நிலா விலகிய தூரம், என் அம்மாவின் உயரம். இதைத் தற்செயல் என்பார் என் எதிரணி நண்பர். தற்செயல்தான் ஐயா, நான் மறுக்கவில்லை. இதை வைத்து எந்த வாதத்தையும் நான் கட்டவில்லை. ஆனால் அந்த இரவிலிருந்து, வானத்தில் இருக்கும் அந்த இடைவெளிக்கு எனக்கு ஓர் ஆள் தெரியும்.

மகள் பின்னால் வந்து நின்றாள். இப்போது பதினோரு வயது. "என்ன பார்க்கிறீர்கள், அப்பா?" என்றாள். சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பாட்டியின் கோட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். கொஞ்சம் எட்டவில்லை. குதிகாலை மெல்லத் தூக்கினாள்.

ஏமாற்றாதே என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. வணக்கம்.