மழை விட்டதும் மாடிக்கு ஓடுங்க: துளிக்குள்ள பூ

வணக்கம் மக்களே. ராத்திரி பூரா ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துடுச்சு, இப்பதான் விட்டிருக்கு. தரையெல்லாம் பாசி, வழுக்குது. அதனால இன்னிக்கு உங்க ஆளு மழைத்துளிய எப்படிப் படம் எடுக்கறதுன்னு உக்காந்தே பேசப் போறான்.

முதல்ல இந்த சேம்பு இலையப் பாருங்க. துளி பாதரசம் மாதிரி உருளுது, தெரியுதா? இலை மேல மெழுகு பூசின நுண்ணிய மேடு மேடா இருக்கு. தண்ணி அந்த மேட்டு நுனிங்க மேலதான் நிக்குது, இடையில காத்து. அந்தக் காத்துப் படலத்துல வெளிச்சம் பட்டுத் திரும்புறதுதான் இந்த வெள்ளி மினுக்கு. தாமரை இலைத் தண்ணின்னு நாம காலங்காலமா சொல்றோம்ல, அதேதான். ஜெர்மனில பார்த்லாட், நைன்ஹுயிஸ்னு ரெண்டு தாவரவியல்காரங்க இத ஆராய்ஞ்சு 1997-ல கட்டுரை எழுதினாங்க. இத மேல நின்னு எடுத்தா சப்புனு இருக்கும். கேமராவ இலை மட்டத்துக்கு இறக்குங்க, வெள்ளி தானா வரும்.

இன்னொண்ணு, இந்த இலை நுனில சொட்டுதே, அது முழுக்க மழைத்தண்ணின்னு நினைக்காதீங்க. வேர் உறிஞ்சினது மிஞ்சிப்போய் செடியே வெளிய தள்ளும். மழையில்லாத விடிகாலைலயும் சேம்புல இதப் பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வரேன். பாகற்கொடிச் சுருள்ல ஒரு துளி தொங்குது, மூணு மில்லிமீட்டர் இருக்கும். அதுக்குப் பின்னாடி நாலஞ்சு விரல் தள்ளி ஒரு செம்பருத்திய பாட்டில்ல சொருகி வச்சிருக்கேன். துளிக்குள்ள குட்டியா செம்பருத்தி தெரியுது பாருங்க!

இதுல நான் ரெண்டு மழைக்காலம் ஏமாந்திருக்கேன். துளியோட விளிம்புல ஃபோகஸ் வைப்பேன், துளி கத்தி மாதிரி வரும், உள்ள பூ மங்கலா இருக்கும். லென்ஸத் திட்டுவேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 100 மி.மீ. மேக்ரோ, அதான் சின்னப் பொருள கிட்டப் போய் எடுக்கற லென்ஸ், பாவம் அது என்ன பண்ணும்? துளியே ஒரு லென்ஸ். பூவோட பிம்பம் துளிக்குள்ள இல்ல, துளியத் தாண்டி நம்ம பக்கம் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் முன்னாடி விழுது. மேக்ரோல அந்தத் தூரமே பெரிய தூரம்ங்க. அதனால துளில ஃபோகஸ் புடிச்சிட்டு, கேமராவ ஒரு மயிரிழை பின்னால நகத்துங்க. ஆட்டோ ஃபோகஸ் வேண்டாம், அது விளிம்பத்தான் புடிக்கும். லென்ஸ் துவாரத்த எஃப் 11-க்குச் சுருக்கி வைங்க. ரெண்டும் பளிச்சுனு வேணும்னா ரெண்டு படம் எடுத்து சேக்கணும், எனக்கு அதுல பொறுமை இல்ல.

காத்துக்கு... இருங்க, ஆடுது... ஆங். காத்துக்கு ஷட்டர் வேகம் செகண்டுல 250-ல ஒரு பங்கு. சுருளுக்குப் பக்கத்துல ஒரு வெளக்கமாத்துக் குச்சிய நட்டு கிளிப் போட்டிருக்கேன். ஃபிளாஷ் போட்டா துளில வெள்ளைப் புள்ளி விழும், நான் தெர்மாகோல் அட்டையாலதான் வெளிச்சத்தத் திருப்பறேன்.

கடைசியா, பூ தலைகீழாத்தான் தெரியும், காம்பு மேல, இதழ் கீழ. படத்தத் திருப்பினா துளி மேல் நோக்கித் தொங்கும், அசிங்கமா இருக்கும். அதனால பூவையே திருப்பிடறேன், துணி காயப்போடற கொடில கிளிப் போட்டு... "ஏண்டா, சாமிக்கு வச்சிருந்த பூவ கொடில காயப்போடற?"

அம்மா வந்துட்டாங்க. ஒரே ஒரு படம்மா, எடுத்துட்டுத் தந்துடறேன்.