முப்பது வயதில் எழுத வேண்டிய நோட்டு

நேயர்களுக்கு வணக்கம். டவுன் சிண்ட்ரோம் என்றதும் நம் மனத்தில் ஒரு குழந்தையின் முகமே எழுகிறது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து இன்று ஐம்பது, அறுபது வயதையும் எட்டுகிறார்கள். அந்த வயதில் மறதிநோய் மற்றவர்களுக்கு வருவதைவிட மிக முன்னதாகவே அவர்களுக்கு வந்துவிடுகிறது என்பதைத்தான் பல குடும்பங்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 21ஆவது இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதை 1959இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அல்சைமர் என்னும் மறதிநோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கு மூலமான மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. ஆகவே அப்புரதம் இளமையிலிருந்தே மிகுதியாக உண்டாகி, நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லாருடைய மூளையிலும் படிந்துவிடுகிறது. குரோமோசோமின் ஒரு பகுதி மட்டுமே மும்மடங்காகி, இந்த மரபணு இரண்டாகவே இருந்த ஒரு மூதாட்டி 78 வயது வரை வாழ்ந்தும் அவருக்கு அல்சைமர் வரவில்லை என்று 1998இல் பதிவாகியிருக்கிறது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படிவு இருந்தாலும் அறிகுறிகள் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டித்தான் தலைகாட்டுகின்றன. அதுவும் பலருக்கு மறதியாகத் தொடங்குவதில்லை. பல ஆண்டுகளாகத் தானே காப்பி கலந்து கொடுத்த தம்பி, பாலைக் காய்ச்சிவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். கலகலப்பாக இருந்தவர் ஒதுங்குகிறார். படி இறங்கத் தயங்குகிறார். சிலருக்கு வாழ்நாளில் முதன்முறையாக வலிப்பு வருகிறது. வீட்டிலுள்ளவர்கள் "அவன் அப்படித்தானே" என்கிறார்கள். சில வேளை மருத்துவரும் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. தைராய்டு குறைவு, கண்புரை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், தாயை இழந்த துக்கம் ஆகிய ஒவ்வொன்றும் மறதிநோயைப் போலவே தோற்றம் காட்டும், ஆனால் கவனித்தால் சீராகக்கூடியவை. ஏன், காதில் அடைத்த குறும்பிகூட அப்படித்தான். இவர்களுடைய காதுக்குழாய் குறுகலானது. இவற்றையெல்லாம் பார்த்து விலக்கிய பிறகே மறதிநோய் என்ற முடிவுக்கு வர வேண்டும்.

கிழமை என்ன, நாட்டின் பிரதமர் யார் என்று கேட்கும் வழக்கமான சோதனை இங்கே அதிகம் உதவாது, ஏனெனில் அந்த விடை அவருக்கு என்றுமே தெரியாமல் இருந்திருக்கலாம். அவரை அவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். அதனால்தான் பிரிட்டனின் உளவியல், மனநல மருத்துவ அமைப்புகள் முப்பது வயதிலேயே ஒருவரின் திறன்களை அளந்து பதிவு செய்யச் சொல்கின்றன. நம் வீட்டில் அதற்கு ஒரு நோட்டும் கைப்பேசியும் போதும்: அவர் சட்டைப் பொத்தான் போடுவது, சில்லறை எண்ணுவது, பேருந்து ஏறிப் போய்வருவது, உறவினர்களைப் பெயர் சொல்லி அழைப்பது ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதுங்கள், படமெடுங்கள், ஆண்டுதோறும் அதே செயல்களைத் திரும்பப் பாருங்கள்.

அவருக்கு ஐம்பது வயதாகும்போது பெற்றோர் எண்பதை நெருங்கியிருப்பார்கள், அல்லது இருக்கவே மாட்டார்கள். அந்த நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை அவருடைய அக்காவிடமோ அண்ணனிடமோ இப்போதே சொல்லி வையுங்கள்.