ஆளுநரை இறக்கினார்கள், வங்கியைக் காப்பாற்றினார்கள்: வடக்கு டகோட்டா விவசாயிகளின் விசித்திரத் தீர்ப்பு

வணக்கம் நண்பர்களே. தங்கள் ஆளுநரைப் பதவியிலிருந்து இறக்கிய மக்கள், அவர் ஆட்சியில் பிறந்த வங்கியை மூடச் சொன்ன தீர்மானத்தை அதே நாளில் தோற்கடித்தார்கள். 1921 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இது நடந்தது. அங்கே ஆளுநர் நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்.

பின்னணி சுருக்கமானது. 1889 நவம்பர் 2 அன்று வடக்கு, தெற்கு என இரண்டு டகோட்டாக்களும் மாநிலங்களாயின; எது மூத்தது என்ற சண்டை வரக்கூடாதென்று குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் ஆவணங்களைக் கலைத்துப் போட்டுக் கையெழுத்திட்டார்.

இனி கோதுமைக்கு வருவோம். விளைவித்தவர் வடக்கு டகோட்டா விவசாயி. ஆனால் தரம் பிரிப்பது, விலை சொல்வது, கடன் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரத் தானிய வணிகர்கள், ஆலைக்காரர்கள், வங்கியாளர்களின் கையில் இருந்தன. ஆளி விதை பயிரிட்டு நொடித்துப்போன ஆர்தர் டவுன்லி என்பவர் 1915இல் நான்பார்டிசன் லீக் என்ற விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார். ஃபோர்டு கார்களில் ஊர் ஊராகச் சென்று உறுப்பினர்களைச் சேர்த்த அந்த அமைப்பு, மறு ஆண்டே லின் ஃப்ரேசியர் என்ற விவசாயியை ஆளுநராக்கியது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருகிறது. 1919இல், 20 லட்சம் டாலர் மூலதனத்துடன், பிஸ்மார்க் நகரில் மாநில அரசே ஒரு வங்கியைத் திறந்தது. மாநிலத்தின் பணம் வெளியூர் வங்கிகளுக்குப் போகாமல் அங்கேயே தங்கி, விவசாயிக்குக் குறைந்த வட்டியில் கடனாகத் திரும்பியது. அதன் வைப்புத்தொகைக்கு இன்றும் மாநில அரசே உத்தரவாதம். உள்ளூர் வங்கிகளோடு போட்டியிடாமல், அவற்றோடு சேர்ந்தே பெரும்பாலான கடன்களை வழங்குகிறது. அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தகைய வங்கி இல்லை என்பதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

முதல் உலகப் போருக்குப் பின் கோதுமை விலை சரிந்தது, மாநிலக் கடன்பத்திரங்களை வாங்க நிதிநிறுவனங்கள் தயங்கின, நிர்வாகக் குறைகளை எதிர்க்கட்சியினர் அடுக்கினார்கள். சுமார் 4,000 வாக்கு வித்தியாசத்தில் ஃப்ரேசியர் பதவியிழந்தார். அமெரிக்காவில் மக்களால் இவ்வாறு திரும்ப அழைக்கப்பட்ட முதல் ஆளுநர் அவரே. அடுத்தவரைக் காண 2003 வரை, கலிபோர்னியாவரை செல்ல வேண்டும். வங்கி பிழைத்தது. 1922இல் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் மாநில மாவு ஆலையும் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஃப்ரேசியரை அதே மக்கள் செனட்டராகத் தேர்ந்தெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். தலைவரையும் திட்டத்தையும் தனித்தனியாக எடைபோட்ட வேறொரு தேர்தல் உங்களுக்குத் தெரிந்திருந்தால், கருத்துப் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.